கறை போன வெரல்

சோப்புத்தூள வீட்டுலயே செய்யலாம்னு மொதல்ல சொன்னவ நான்தான். இப்ப எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல யாரக் கேட்டாலும் அது என் நாத்தனாரோட கைவேலன்னுதான் சொல்லுவாங்க. பேரு அவளுக்குப் போயிருச்சி, போகட்டும். ஆனா அதுல உள்ள பாவம் யாரோடதுன்னு எனக்குத் தெரியும். ஓ லெவல் வரைக்கும் படிச்சவ நான், எழுத வரும். அதனால எழுதி வைக்கிறேன்.

வெல தாறுமாறா ஏறுன வருஷம் அது. டவுன்காரங்க கேஸ் இல்லன்னு வரிசையில நின்னு அழுதாங்க. எங்களுக்கு என்னிக்கி கேஸ் இருந்துச்சி, அழுறதுக்கு? கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயில மெலாறுக் குச்சிதான் எங்க அடுப்புக்கு. எங்கள அடிச்சது சோப்புத்தூளு. கடையில அந்தப் பாக்கெட்ட எடுப்போம், வெலயப் பாப்போம், தூங்குற புள்ளயப் படுக்க வைக்கிற மாதிரி திரும்ப வச்சிட்டு வந்துருவோம். கொழுந்து பறிக்கிறவ துணின்னா சும்மாவா? மழ, சேறு, அட்ட கடிச்ச ரத்தம், எல்லாத்துக்கும் மேல கொழுந்துக்கறை. வெறுந்தண்ணியில அடிச்சா துணிதான் கிழியும். மகளோட ஸ்கூல் கவுனு வெள்ளையா இருந்தது சாயத்தண்ணி கலருக்கு வந்துருச்சி. டீச்சர் எல்லார் முன்னாலயும் அவள எழுப்பிவிட்டு, வீட்டுல தொவைக்கிறதே இல்லையான்னு கேட்டிருக்காங்க. அன்னிக்கி ராத்திரியே போன எடுத்துத் தேடுனேன்.

யூடியூப்ல ஒரு மெட்ராஸ்காரம்மா செஞ்சி காட்டுனாங்க. பழைய எண்ணெய், கோஸ்டிக் சோடா, தண்ணி. மூணையும் கலக்கி ஒரு மாசம் காய வச்சா சோப்பு. அத உதுத்து, சலவச் சோடாவோட கலந்தா தூளு. அந்தம்மா தேங்கா ஒடைக்கிற மாதிரி லேசா சொல்லிட்டுப் போயிட்டாங்க. பஜார்ல ரோல்ஸ் பொரிக்கிற கடையில கருகுன எண்ணெய சும்மாவே குடுத்தாங்க. கோஸ்டிக் ஹார்ட்வெயார் கடையில கெடச்சிச்சி, அடச்ச காணு கழுவுறதுக்குன்னு சொல்லி வாங்குனேன்.

மொத தடவ செஞ்சது கெட்டியாகவே இல்ல. மெட்ராஸ் வெயிலுக்கும் எங்க பொகவந்தலாவைக் குளிருக்கும் ஒரே அளவு சரிவருமா? ஒரு வாரமாகியும் பேசின்ல கூழு மாதிரி கெடந்துச்சி. எனக்கு மூக்கு மேல கோவம். அளவாவது மண்ணாவதுன்னு இன்னும் ரெண்டு கை கோஸ்டிக்க அள்ளிப் போட்டேன். மறுநா காலையில கல்லு மாதிரி நின்னுச்சி. அத ஒரு மாசம் யாரு வச்சிப் பாத்துக்கிட்டு இருக்குறது? அடுப்புக்கு மேல பரண்ல மூணு நா போட்டு, உதுத்து, கலந்து, தொவச்சாச்சி. துணி பளீர்னு வெளுத்துருச்சி. மீன் ரோல்ஸ் வாட அடிச்சிச்சிதான். மகள் ஸ்கூலுக்குப் போகையில லயத்து நாயெல்லாம் கவுன மோந்துக்கிட்டே பின்னாலயே போச்சி. ஆனா அதுக்கப்புறம் எந்த டீச்சரும் அவள எழுப்பி நிப்பாட்டல.

அப்ப இருந்து எங்க அளவு அந்த அளவுதான். கூடப் போட்ட ரெண்டு கை கோஸ்டிக்க நாங்க கொறைக்கவே இல்ல.

இப்ப நாத்தனாரப் பத்திச் சொல்லணும். என் வீட்டுக்காரரோட தங்கச்சி, என்னவிட பத்து வயசு எளையவ. கொத்மலைப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தோம். ஏழு வருஷம் புள்ளையில்லன்னு சொல்லி ஒரு பேக்கோட திருப்பி அனுப்பிட்டாங்க. என் வீட்டுக்காரரு கொழும்புல சாப்பாட்டுக் கடையில வேல, மாசத்துக்கு ஒருக்காதான் வருவாரு. அதனால அவ வந்து சேந்தது அண்ணன்கிட்ட இல்ல, என்கிட்ட. அடுப்படியில பாய் போட்டுப் படுத்துக்குவா. காலையில என்கூட மலைக்கு வந்து கொழுந்து எடுப்பா, சாயந்தரம் தண்ணி தூக்குவா, மகளுக்குப் பாடம் சொல்லிக் குடுப்பா. ஒரு வேலையும் சொல்லாமலே செய்வா. அதுவே எனக்கு எரிச்சலா இருக்கும். திட்டுறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல மனுசிக்கு.

திட்டுறதுக்குச் சாக்கு கெடைக்காதப்ப நான் புள்ளையில்லாததச் சொல்லுவேன். வாய் கூசாமச் சொல்லுவேன். "ஒரு புள்ள பெத்திருந்தா அடுப்ப எப்படி அணைக்காமப் பாத்துக்கிறதுன்னு தெரிஞ்சிருக்கும்" ன்பேன். அடுப்புக்கும் புள்ளைக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கே தெரியாது. அவ தலையக் குனிஞ்சிக்கிட்டு ஊதுகொழல எடுப்பா.

சோப்பு செய்யையில என்கிட்ட ஒரு சோடி ரப்பர் க்ளவுஸ் இருந்துச்சி. மலையில மருந்தடிக்கிறவங்களுக்குத் தோட்டத்துல குடுத்தது, கேட்டு வாங்கி வச்சிருந்தேன். தண்ணியில கோஸ்டிக்கப் போட்டா கொதிச்சிப் பொகையும், அத நான் செய்வேன், க்ளவுஸோட. மத்த வேலையெல்லாம் அவ, வெறுங்கையோட. கெட்டியானத கட்டி இல்லாம கையாலதான் உதுக்கணும், அது ரொம்ப நேரம் புடிக்கிற வேல. மொத வாரமே எரியுதுன்னு சொன்னா. "எரிஞ்சாத்தான் வேல செய்யிதுன்னு அர்த்தம், புண்ணுக்கு மருந்து போட்டா எரியல?" ன்னேன். அவ அத நம்புனா. சும்மா சொல்லக்கூடாது, நானும் பாதி நம்புனேன்.

இதுல அவளுக்கு ஒரு சந்தோசம் வேற வந்துச்சி. வெரல் வெளுத்துருச்சி.

தோட்டத்துக்கு வெளியில உள்ளவங்களுக்கு இது புரியாது. கொழுந்து எடுக்குறவங்க வெரல்ல, கட்ட வெரலும் அடுத்த ரெண்டு வெரலும், எப்பவும் கறுத்துத்தான் இருக்கும். வெடிப்புல கறை ஏறி நிக்கும். டவுனுக்குப் போற அன்னிக்கி நாங்க மூஞ்சியக் கழுவுறதுக்கு முந்தி வெரலத்தான் கழுவுவோம். தேசிக்கா, சாம்பல், செங்கட்டித் துண்டு, எதையாச்சும் போட்டுத் தேப்போம். தேச்சும் போகாட்டி கடையில காசு குடுக்கையில கைய முந்தானையில மறச்சிக்கிட்டு நீட்டுவோம். நல்ல சேல கட்டி, பூ வச்சி, என்னதான் சோடிச்சாலும் அந்த மூணு வெரலும் எங்கள எங்க இருந்து வர்றோம்னு காட்டிக் குடுத்துரும். மாதா கோயில் பூசைக்குப் போனாலும் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டுறதுக்கு எங்க பொம்பளைங்களுக்குக் கூச்சம். வாயத் தொறந்து நாக்குல வாங்கிக்குவாங்க.

எங்க தூளு அந்தக் கறையப் போக்கிருச்சி. நனஞ்ச வெரல்ல ஒரு சிட்டிக வச்சித் தேச்சா போதும். லயத்துப் பொம்பளைங்க துணிக்கு வாங்குனதவிட வெரலுக்கு வாங்குனதுதான் ஜாஸ்தி. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி, எங்க போறதுன்னாலும் ஒரு பொட்டலம் கேட்டு வருவாங்க. நானும் தேச்சேன். கைய மேசமேல வச்சி உக்காந்து பேசுறது எப்படி இருக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சிக்கிட்டேன்.

அவளுக்கு அந்த வெரல் வேற ஒண்ணுக்கு வேணும். வெளிநாட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டா. வீட்டு வேலைக்கு, ரெண்டு வருஷ ஒப்பந்தம். என்கிட்ட கேக்கல, அண்ணன்கிட்ட போன்ல கேட்டு சரி வாங்கிட்டா. அட்டன் டவுன்ல ஏஜென்ட்காரர் ஒருத்தர். நானும் கூடப் போனேன். அந்தாளு பாஸ்போட்டப் பாக்கல, படிப்பக் கேக்கல. "தோட்டமா? கையக் காட்டு" ன்னாரு. அவ காட்டுனா. "இது என்ன வெரல்? அங்க மேடம் இந்தக் கையால சோறு போட்டா தின்னுவாங்களா? சுத்தம் பண்ணிக்கிட்டு வா. கொழும்புல விசாவுக்குப் பத்து வெரலும் மிசின்ல வைக்கணும், போட்டோ எடுக்கணும், அன்னிக்காவது மனுசி மாதிரி வா" ன்னாரு. கிளி சோசியக்காரன் கிளியத் தட்டி உள்ள விடுற மாதிரி அவ கையத் தட்டி விட்டாரு.

பஸ்ல வரையில அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே வந்தா. அழுறாளோன்னு பாத்தா, அழல. "அண்ணி, நம்ம தூளுதான் இருக்கே" ன்னா. அன்னிக்கி சாயந்தரத்துல இருந்து தெனமும் ரெண்டு வேள தேச்சா. மூணு வெரல மட்டுமில்ல, பத்தையும்.

அந்த நேரத்துலதான் என் போன் மக்கர் பண்ண ஆரம்பிச்சிச்சி. வீட்டுக்காரரு கொழும்புல இருந்து வாங்கிக் குடுத்த பழைய போன், கட்ட வெரல வச்சா தொறக்கும். தொறக்கல. தொடச்சி வச்சேன், ஊதி வச்சேன், ஒண்ணுக்கும் மசியல. பஜார்ல போன் கடைக்குக் கொண்டு போனேன். அந்தத் தம்பி அவரோட வெரலப் பதிஞ்சி வச்சிப் பாத்தாரு, பட்டுன்னு தொறந்துச்சி. என் வெரலப் புடிச்சி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு.

"போன்ல ஒரு பிழையும் இல்ல அக்கா. ஒங்க வெரல்லதான் ரேகையே இல்ல. என்ன கெமிக்கல்ல கை வைக்கிறீங்க?"

சொன்னேன். அவரு சிரிச்சாரு. "அத ஒரு மாசம் தொடாதீங்க. ரேக தன்னால வந்துரும். அதுவரைக்கும் நம்பர அடிச்சித் தொறங்க."

கடைய விட்டு எறங்கி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து நின்னுட்டேன். பத்து வெரலும் மிசின்ல வைக்கணும்னு ஏஜென்ட்காரர் சொன்னது அப்பத்தான் மண்டையில அடிச்சிச்சி. என் வெரலே இப்படின்னா, பேசின்ல மொழங்கை வரைக்கும் கைய விட்டு உதுக்குறவளோட வெரல் எப்படி இருக்கும்? கொழும்புக்குப் போறதுக்கு அன்னிக்கி இருந்து சரியா அஞ்சி வாரம் இருந்துச்சி. அந்தத் தம்பி சொன்னதுக்கு ஒரு மாசம் போதும்.

வீட்டுக்குப் போனதும் சொல்லிரணும்னுதான் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். போனா, அவ தண்ணி தூக்கி வச்சி, சோறாக்கி, மகளப் பக்கத்துல உக்கார வச்சி எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தா. என் செருப்பக் கூட கழுவி வச்சிருந்தா. இவ போயிட்டா இதெல்லாம் யாரு செய்வான்னு தோணுச்சி. தூள யாரு உதுப்பா? என் கையா? அப்பறம் இன்னொண்ணும் தோணுச்சி, அதத்தான் சொல்லணும். இந்தப் புள்ளையில்லாதவ பிளேன்ல ஏறிப் போவா, நான் இந்த லயத்துக் காம்பராவுல கெடந்து சாவணுமா? நானும் ஒரு காலத்துல போகணும்னு ஆசப்பட்டவதான். மகள் பொறந்துட்டா, வீட்டுக்காரரு விடல. வயித்தெரிச்சல்னா நெசமாவே வயிறு எரியும்னு அன்னிக்கித் தெரிஞ்சிச்சி.

"போன் என்ன ஆச்சி அண்ணி?" ன்னு கேட்டா.

"பழசாயிருச்சாம்" ன்னேன்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஒரு வாரம் போச்சி. அதுக்கப்புறம் சொன்னாலும் பிரயோசனமில்லன்னு நானே ஒரு சமாதானம் பண்ணிக்கிட்டேன். அந்த அஞ்சி வாரமும் எப்பயும் போல பேசின எடுத்து அவ முன்னால வச்சேன். நான் மட்டும் வெரலுக்குத் தூளு போடுறத நிப்பாட்டிட்டேன். ரேக வந்துருச்சான்னு போன்ல வச்சிப் பாக்க மட்டும் மனசு வரல.

போறதுக்கு மொத நா அவ வந்து என் முன்னால உக்காந்தா. "அண்ணி, இந்த நகக்கண்ணுல கொஞ்சம் நிக்கிது. எனக்கு எரியிது, அழுத்தித் தேய்க்க முடியல. நீங்க தேச்சி விடுங்க" ன்னா. ரெண்டு கையையும் நீட்டுனா. வெரல் நுனியெல்லாம் தோலு வழுவழுன்னு, செவந்து, வெங்காயத்தோலு உரிச்ச மாதிரி இருந்துச்சி. நான் க்ளவுஸ மாட்டிக்கிட்டேன். ஒவ்வொரு வெரலா புடிச்சித் தேச்சேன். அவ கண்ண மூடிக்கிட்டு ஒதட்டக் கடிச்சிக்கிட்டு இருந்தா. பத்து வெரல். ஒண்ணையும் விடல.

விடியக்காலம் பஸ். அவ அண்ணனுக்கு லீவு இல்லாததால நான்தான் கூடப் போனேன். வழியில கினிகத்தேனையில டீ குடிக்க நிப்பாட்டுனாங்க. எங்க ரெண்டு பேருக்கும் டீயும் பனிசும் வாங்குனேன். அவ டீ கிளாஸ ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, "பாருங்க அண்ணி, ஒரு கறை இல்ல. தோட்டம்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல?" ன்னா. "சொல்ல மாட்டாங்க" ன்னேன். அந்த எடத்துலயாவது சொல்லியிருக்கலாம். எறங்கி அடுத்த பஸ்ஸ புடிச்சித் திரும்பி வந்து, ஏஜென்ட்காரர்கிட்ட கால்ல விழுந்து நாளத் தள்ளிப் போட்டிருக்கலாம். நான் நேரம் பாக்குற மாதிரி போன எடுத்து நம்பர அடிச்சித் தொறந்தேன். அவ வெரல ஊதி ஊதி டீ குடிச்சா.

கொழும்புல கண்ணாடி மிசின் முன்னால அவள நிப்பாட்டுனாங்க. நான் பின்னால நாற்காலியில இருந்தேன். மிசின் பாக்குற மிஸ் சிங்களத்துல மொதல்ல மரியாதையாத்தான் பேசுனாங்க. நாலு வெரல வச்சா, செவப்பு லைட்டு. "ஆயெத் தியன்ன" ன்னாங்க, திரும்ப வையின்னு. திரும்பவும் செவப்பு. டிஸ்யூ குடுத்துத் தொடைக்கச் சொன்னாங்க. ஏதோ களிம்பு தடவுனாங்க. கண்ணாடியத் தொடச்சாங்க. மிஸ்ஸே அவ வெரலப் புடிச்சி அழுத்துனாங்க. வரிசையில நின்னவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டாங்க. அவ திரும்பி என்னப் பாத்து, "அண்ணி, இவங்க என்ன சொல்றாங்க?" ன்னு கேட்டா. அவளுக்குச் சிங்களம் நல்லா வரும். கொத்மலையில அக்கம்பக்கம் எல்லாம் சிங்களவங்கதான். தெரிஞ்சிக்கிட்டேதான் கேட்டா.

"வெரல் எடுக்கலையாம்" ன்னேன்.

"நல்லாத் தேச்சமே" ன்னா.

அட்டன்ல ஏஜென்ட்காரர் எரிஞ்சி விழுந்தாரு. அந்த வீட்டு மேடம் காத்திருக்க மாட்டாங்களாம், வேற ஆளப் போட்டாச்சாம். கை ஆறுனதும் வந்து பாருன்னாரு. அவரு சொன்ன தோரணையிலயே தெரிஞ்சிச்சி, அந்தக் கதவு சாத்துன கதவுன்னு.

ரெண்டு நா போச்சி. சனிக்கிழம வந்துச்சி. தூளு கேட்டு வாசல்ல ஆளு நின்னாங்க. எனக்கு எங்க இருந்துதான் அந்தக் கல்லு மனசு வந்துச்சோ, நீலப் பேசின எடுத்து அவ முன்னால வச்சேன். "சரி விடு, நடந்தது நடந்துருச்சி. இத உதுத்துரு" ன்னேன்.

அவ பேசினப் பாத்தா. அப்பறம் கைய நீட்டி, "ஒங்க போன கொஞ்சம் குடுங்க அண்ணி, அண்ணன்கிட்ட பேசணும்" ன்னா. நான் நம்பர அடிச்சித் தொறந்து குடுத்தேன். அவ வாங்கல.

"கட்ட வெரல வச்சில்ல தொறப்பீங்க?"

"அது வேல செய்யல."

"எப்ப இருந்து?"

"நேத்துல இருந்து" ன்னேன்.

"கினிகத்தேனையில நீங்க நம்பர அடிச்சத நான் பாத்தேன்" ன்னா. சத்தம் போடல, அழல. "அதுக்கு முந்தி அஞ்சி வாரமாவும் நம்பர்தான் அடிக்கிறீங்க. போன் பழசாயிருச்சின்னு நீங்க சொன்னத நான் நம்பிட்டேன். கொழும்புல அந்த மிஸ் என் வெரல அழுத்துனப்பத்தான் ஒங்க போன் ஞாபகம் வந்துச்சி."

அவ எந்திரிச்சிப் போயி ஆணியில தொங்குன க்ளவுஸ எடுத்துக்கிட்டு வந்து என் மடியில வச்சா.

"நீங்க போட்டுக்குங்க. ஒங்களுக்கு வெரல் வேணும்" ன்னுட்டு, ரெண்டு கையையும் பேசின்ல விட்டா.

ரெண்டு வருஷமாச்சி. சோப்புத்தூள் வெல எறங்கிருச்சி, இப்ப நாங்க செய்யணும்னே இல்ல. நிப்பாட்டிருவோம்னு நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். அவ நிப்பாட்ட மாட்டேங்குறா. அவளுக்குன்னு புதுசா ஒரு சோடி க்ளவுஸ் வாங்கிக் குடுத்தேன், மொழங்கை வரைக்கும் வர்றது. அது கவரு பிரிக்காம ஆணியில தொங்குது. நான் காலப் புடிக்காத கொறையா கெஞ்சினப்ப, "எரிஞ்சாத்தான் அண்ணி வேல செய்யிதுன்னு அர்த்தம்" ன்னா. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி ரெண்டு தடவ முழங்கால் போட்டேன், ரெண்டு தடவையும் வேற பாவத்தச் சொல்லிட்டு எந்திரிச்சி வந்தேன்.

என் ரேக எப்பவோ திரும்ப வந்துருச்சி. கட்ட வெரல வச்சா போன் ஒடனே தொறக்குது. ஆனா அவ பக்கத்துல இருந்தா நான் நம்பரத்தான் அடிக்கிறேன். அவ அதையும் பாத்துக்கிட்டேதான் உதுத்துக்கிட்டு இருக்கா.